ஒரு மரக்கால் தவிடு

பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் புத்தகங்களையெல்லாம் வாங்கிக் கட்டிப் பெரிய வீட்டு வண்டிக்கொட்டகையில் போட்டுப் பூட்டிய மறுநாள் காலையில், எங்கள் ஏழுமதகு கீழத்தெருவில் வேம்பு குளிப்பதற்காகத் தலைமுடியை அவிழ்த்து உதறியபோது தவிடு கொட்டியது. சிவப்பாக, பொடிப்பொடியாக, அப்போதுதான் உரலில் குத்திப் புடைத்தெடுத்த மாதிரி சூடு ஆறாத தவிடு. வேம்பு அதைப் பார்த்தாள், இன்னொரு தரம் உதறினாள், இன்னும் கொட்டியது, சரி என்று முறத்தை எடுத்துவந்து கூட்டி அள்ளி மாட்டுத்தொட்டியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பால் சொசைட்டி வரிசையில் தினமும் எனக்கு முன்னால் நிற்கிறவள் அவள், எனக்கு அவளைப் பிடிக்காது, அவளுக்கும் அது தெரியும். நானாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஏழுமதகில் மூன்று தெருக்கள். மேலத்தெருவில் பெரிய வீடும் அதன் சொந்தபந்தங்களும் இருக்கிறார்கள், கீழத்தெருவில் அந்த வீட்டு வயலில் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஏறியவர்கள் இருக்கிறார்கள், நடுத்தெருவில் எண்ணெய்க்கடையும் ஜவுளிக்கடையும் ஆளுக்கு இரண்டு மாடுமாக நாங்கள் இருக்கிறோம். மேலே பார்த்துக் கொஞ்சம், கீழே பார்த்துக் கொஞ்சம் என்று பொறாமைப்பட்டே எங்களுக்குப் பொழுது போய்விடும். என் மகள் வகுப்பில் வேம்பு மகள் இலக்கியா படிக்கிறாள் என்பதும், அந்தப் பெண் எழுந்து பாடம் வாசித்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலில் வந்து நிற்பார்கள் என்பதும், என் மகள் வாசித்தால் அவள் வகுப்பே கொட்டாவி விடும் என்பதும் நான் ராத்திரியெல்லாம் நினைத்துப் புழுங்கிய விஷயங்கள்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக வந்த பச்சை அட்டைப் புத்தகம், வரலாறு. அதில் ஒரு பாடம் முழுக்க நம் பக்கத்து அடிமைகளைப் பற்றி. நிலத்தை விற்றபோது நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் விற்றது, ‘ஆள்’ என்ற சொல்லுக்கே அப்போது அடிமை என்றும் பொருள் இருந்தது, பஞ்ச காலத்தில் பிள்ளைகளை நெல்லுக்கும் கம்புக்கும், அதுவும் கிடைக்காதபோது தவிட்டுக்கும் விற்றது, எல்லாம் நிதானமாக எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி: வீட்டில் சின்னப் பிள்ளையை அழவைக்க ‘நீ தவிட்டுக்கு வாங்கின பிள்ளை’ என்று கேலி பேசுகிறோமே, அந்தப் பேச்சு அந்தக் காலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். இலக்கியா அந்தப் பாடத்தைத் தன் குரலில் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடாமல், மரியசூசை சாரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

“சார், நம்ம ஊர்ல வாங்குனவங்க யாரு?”

சார் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தார், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று என் மகள் வந்து சொன்னாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி பெரிய வீட்டுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அன்றைக்கு அந்த வீட்டு மங்களம் அம்மாவுக்கு நல்லெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் அவர்களுடையது, அவள் கணவர் உலகநாதர்தான் தாளாளர். மறுநாள் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து, “இந்த ஊர்ல யாரும் யாரையும் விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. வேலைக்கு ஆள் வச்சிருந்தோம், வயிறாரச் சோறு போட்டோம். பிள்ளைங்க மனசைக் கெடுக்குற புத்தகம் இங்க வேண்டாம்” என்றார். புத்தகங்கள் போயின. கேள்வி கேட்டது தப்பு என்று தாயும் மகளும் தலைமையாசிரியர் அறையில் வந்து சொல்லும்வரை இலக்கியா பள்ளிக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். “கேள்விதான கேட்டா, கல்லையா எறிஞ்சா?” என்று வேம்பு பள்ளி கேட்டை விட்டு நகராமல் நின்று பார்த்தாள், பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மறுநாள்தான் தவிடு.

முதலில் வேம்பு தலையில் உதிர்ந்தது, பிறகு இலக்கியா தலையில், பிறகு வாரத்துக்குள் கீழத்தெரு முழுக்க, கிழவர் முதல் கைக்குழந்தை வரை, தலைமுடி இருந்தவர்களுக்கு முடியிலிருந்தும் இல்லாதவர்களுக்குக் காதோரத்திலிருந்தும் உதிர்ந்தது. நடந்தால் தோளில் படிந்தது, சிரித்தால் கொஞ்சம் கூடுதலாக உதிர்ந்தது, தூங்கி எழுந்தால் தலையணையைச் சுற்றிக் கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பொடுகு ஷாம்பு கொடுத்துப் பார்த்தாள், ஷாம்பு தீர்ந்தது, தவிடு தீரவில்லை. மினிபஸ் கண்டக்டர், “தவிடு பார்ட்டியெல்லாம் பின்னாடி வாங்க” என்று கத்தினான். சலூன்காரர் வெட்டுக்கூலி வேண்டாம், உதிர்வதை விட்டுப் போனால் போதும் என்றார். பத்து நாளில் யாரும் வாயைப் பிளப்பதை விட்டுவிட்டார்கள். மழை பெய்தால் குடை எடுப்பதைப் போல, கீழத்தெருக்காரர்கள் வெளியே கிளம்பும்போது கக்கத்தில் ஒரு மஞ்சள் பையைச் செருகிக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

அத்தோடு போயிருந்தால் நான் ஏன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன். அந்தத் தவிட்டை மாடு தின்றதே, அங்கேதான் வந்தது வினை. ரைஸ்மில் தவிடு மாதிரி வெளுத்துச் சத்தில்லாமல் கிடக்கும் தவிடா அது! தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டியது, நாக்கில் வைத்தால் இனித்தது, நான் வைத்துப் பார்த்தேன். வேம்பு வைத்திருந்தது விலா எலும்பு தெரியும் ஒரே ஒரு கறவை. அந்த மாடு தவிட்டைத் தின்னத் தின்ன முதுகு பளபளத்து, மடி கனத்து, கறக்கக் கறக்கச் சுரந்தது. சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிற மெஷினில் வேம்பு பாலை ஊற்றினால் மெஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் எண் காட்டும். அடுத்து என் பாலை ஊற்றினால் உடனே காட்டிவிடும். செயலாளர் என்னைப் பார்த்து, “பரிமளா, தண்ணிய கொஞ்சம் கொறைச்சுக்கம்மா” என்றார், வேம்பு காதுபட. நான் தண்ணீர் ஊற்றுவது ஊருக்கே தெரிந்ததுதான், ஆனால் அதுவரை யாரும் சொன்னதில்லை.

எங்கள் நடுத்தெருவுக்குத் தூக்கம் போனது. கீழத்தெரு வீட்டு டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள், அந்த வீட்டுச் சீப்பை இரவல் கேட்டு வாசலில் போய் நின்றோம். அந்தச் சீப்பால் தலை வாரினோம், அந்த வீட்டுத் தலையணையில் படுத்துப் பார்த்தோம், ஒன்றும் உதிரவில்லை. பிறகுதான் புத்தகத்தில் என்ன இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்டோம். விற்கப்பட்டவர்களின் வம்சத்துக்குத்தான் உதிர்கிறது என்று புரிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் கிழடுகளைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தோம். நம் வீட்டில் யாரையாவது விற்றிருப்பார்களே, நன்றாக யோசித்துப் பாருங்கள் என்று நான் என் மாமியாரை மூன்று வேளையும் அரித்தேன். “நம்ம ஆளுங்க செக்கு ஓட்டிப் பொழைச்சவங்கடி. நம்மள யாரும் வாங்கவும் இல்ல, நாம யாரையும் வாங்கவும் இல்ல” என்றார் மாமியார். எதற்குமே லாயக்கில்லாத குடும்பத்தில் வந்து வாழ்க்கைப்பட்டோமே என்று அன்றைக்கு அடுப்படியில் நான் அழுதது நிஜம்.

பிள்ளைகள் எங்களைவிட மோசம். அதுவரை ‘தவிட்டுக்கு வாங்கினது’ என்று சொன்னால் அழுகிற பிள்ளைகள், இப்போது அப்படிச் சொல்லாவிட்டால் அழுதார்கள். என் மகள் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு, “என்னைய எதுக்கும்மா வாங்குன?” என்றாள்.

“வாங்கலடி. பெத்தேன்.”

“சும்மாவா?” என்று கேட்டுவிட்டு ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், பெற்ற வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யார் தவிடு, யார் தவிடில்லை என்று அடித்துக்கொண்டதால் தாளாளர் அந்தச் சொல்லையே வகுப்பில் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார். சத்துணவுக்கூட ஆயா மாட்டுக்குத் தவிடு வாங்க லீவு கேட்டபோது, ‘அரிசியின் மேல்பொடி’ வாங்க என்று சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. கீழத்தெருப் பிள்ளைகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரவேண்டும், உதிர்ந்தால் அவர்களே கூட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் கூட்டினார்கள், கூட்டியதைப் பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். அதையும் நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இலக்கியா மட்டும் வரவில்லை. பள்ளி தொடங்குகிற நேரத்துக்குச் சீருடையோடு வந்து, கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்பாள், உள்ளே வாசிக்கிற பாடத்தை உதடசைத்துக் கூடவே சொல்லுவாள், மணி அடித்தால் வீட்டுக்குப் போவாள். முழுப்பரீட்சைக்கு முன்னால் உள்ளே விடாவிட்டால் அந்த வருஷமே போய்விடும். தவிடு வந்து எல்லாம் செழித்தும் வேம்பு முகம் மட்டும் செழிக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். அதைப் பார்க்கையில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்றால் என்னைத் திட்டாதீர்கள்.

நான் பட்ட பொறாமையெல்லாம் மங்களம் அம்மா பட்டதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஏழுமதகில் பெரிய மாடு என்றால் பெரிய வீட்டு மாடு, கெட்டிப்பால் என்றால் பெரிய வீட்டுப் பால், சொசைட்டி ஆண்டுக் கூட்டத்தில் எவர்சில்வர் குடம் வாங்குவது மங்களம் அம்மா. அவள் பரணில் அந்தக் குடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி விட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. இந்த வருஷம் குடம் வேம்புவுக்கு என்று பேச்சு அடிபட்டதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்காரியை அனுப்பித் தவிடு கேட்டாள், என்ன விலை வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னாள்.

“எம்பொண்ணு பள்ளிக்கொடம் போவட்டும். அப்பறம் தவிட்டப் பத்திப் பேசலாம்னு சொல்லு” என்று வேம்பு சொல்லி அனுப்பினாள்.

இதைக் கேட்டுவிட்டு மங்களம் அம்மா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நான் எண்ணெய்த் தூக்கோடு ஓரமாக நின்றிருந்தேன். நடந்தவள் சடாரென்று நின்று, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைக் கேட்டாள்.

“ஏங்க, கேக்குறேன், அது யார் வீட்டுத் தவிடு?”

“அவங்க தலையில உதிருது. அவங்க தவிடுதான்.”

“அவங்களுக்குத் தவிடு ஏது? சோத்துக்கே வழியில்லாம வந்தவங்க. எங்க மாமியா சொல்லுவாங்க, பின்கட்டுல தவிட்டுக் குதிரு ரெண்டு இருந்துச்சு, பித்தளப் பூண் போட்ட மரக்கா ஒண்ணு இருந்துச்சு, பஞ்சத்துல அளந்து குடுத்தது நம்ம வீட்டுல தான்னு. குடுத்தது நாம. அப்ப அது நம்ம தவிடு இல்லியா?”

உலகநாதர் பேப்பரை மடித்தார். மனிதர் படித்தவர், யோசிக்கத் தெரிந்தவர், ஆனால் தன் சொத்து அடுத்தவன் மாட்டுத்தொட்டியில் கிடக்கிறது என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால் அப்புறம் யோசனைக்கு எங்கே இடம். மேல்சட்டைப் பொத்தானைப் போட்டபடி, “நாளைக்கு சொசைட்டி கூட்டத்துல பேசிடுறேன்” என்றார்.

சொசைட்டி ஆண்டுக் கூட்டம் வழக்கம்போலப் பள்ளி மைதானத்தில், மத்தியான வெயிலில், சாமியானாவுக்குக் கீழே நடந்தது. மூன்று தெருவும் வந்திருந்தது. கீழத்தெருக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் மட்டும் ஜமுக்காளம் சிவப்பாக இருந்தது. சாமியானா போட்டிருந்ததால் அன்றைக்கு வகுப்புகளையும் வெளியே விட்டிருந்தார்கள். மரியசூசை சார் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். இலக்கியா கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் மைக் முன்னால் நின்ற உலகநாதர் பால் விலையைப் பேசினார், கலப்பட மாட்டுத்தீவனத்தைப் பேசினார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தவிட்டுக்கு வந்தார்.

“கொஞ்ச நாளா கீழத்தெருவுல உதிர்ற தவிட்டைப் பத்தி ஒரு நியாயம் பேசணும். அது தானா வந்ததுன்னு யாரும் நெனைக்க வேண்டாம். எங்க முப்பாட்டனார் குதிர்லேந்து அளந்து குடுத்தது அது. ஆளுக்கு ஒரு மரக்கா, தலை தட்டி அளந்து குடுத்தாரு. குடுத்தவங்க நாங்க. அதனால உதிர்றது எங்க வீட்டுச் சொத்து. இனிமே கூட்டி அள்றதை எங்க கொட்டாய்ல கொண்டாந்து சேர்த்துடணும்.”

மங்களம் அம்மா முன்வரிசையில் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தாள். வேறு யாரும் ஆட்டவில்லை. மைக்கில் சொன்னது என்ன என்று உலகநாதருக்கே கொஞ்சம் கழித்துத்தான் காதில் விழுந்தது போலிருந்தது, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மரியசூசை சார் எழுந்தார். அத்தனை வருஷத்தில் அவர் தாளாளர் முன்னால் கேட்காமல் எழுந்து நான் பார்த்ததில்லை.

“அப்ப அந்தப் பாடத்துல தப்பு ஒண்ணும் இல்லீங்களே ஐயா?” என்றார்.

உலகநாதர் பதில் சொல்வதற்குள் வேம்பு எழுந்துவிட்டாள். எழுந்ததில் மடியிலிருந்து தவிடு சரிந்து கொட்டியது, அவள் குனிந்து பார்க்கவில்லை.

“சரிங்க ஐயா. குடுத்தது நீங்கதான். தவிட்டை எடுத்துக்குங்க. ஆளத் திருப்பிக் குடுங்க.”

“எந்த ஆள?”

“ஒரு மரக்காத் தவிட்டுக்கு எங்க வீட்டுலேந்து கூட்டிட்டுப் போனீங்களே, அந்தப் பொண்ண.”

“அது எந்தக் காலத்து... அவ செத்து நூறு வருஷம் ஆவுது, வேம்பு.”

“அவங்களத் திருப்ப முடியாதுல்ல? அவங்க பேத்தியோட பேத்தி அந்தா கேட்டாண்ட நிக்கிது. அதையாவது குடுங்க. உள்ள விடுங்க. நீங்க பூட்டி வச்ச புத்தகத்த எடுத்துக் கையில குடுங்க. இந்த நிமிசமே தவிட்ட அளந்து போட்டுடுறேன்.”

உலகநாதர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், அது பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் மங்களம் அம்மாவுக்குத் தவிடு கைக்கு எட்டிவிட்டது, பரணில் இன்னொரு குடத்துக்கு இடமிருக்கிறது, புத்தகமாவது பாடமாவது. எழுந்து நின்று, “குடுத்துட்டாப் போச்சு! ஏன் நின்னுட்டே இருக்கீங்க? வண்டிக்கொட்டாய் சாவி எங்கிட்டதான் இருக்கு!” என்று இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மரியசூசை சாரிடம் எறிந்தாள். சார் அதைத் தரையில் விழாமல் பிடித்துக்கொண்டு ஓடினார், அந்த வயதில் அந்தத் தொந்தியோடு ஓடினார்.

புத்தகக் கட்டுகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் யாரும் சொல்லாமலே கேட்டைத் திறந்தார். இலக்கியா உள்ளே வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக, என் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சார் கட்டைப் பிரித்து முதல் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். வேம்பு அதைப் பார்த்து முடிக்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள்.

அப்புறம் சொசைட்டியில் கிடந்த மரக்காலை வாங்கி, ஜமுக்காளத்தில் உதிர்ந்திருந்ததை அள்ளி நிரப்பி, மேடைக்குப் போனாள். வாங்குவதற்கு ஏனம் எதுவும் இல்லை. உலகநாதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், பிறகு தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். வேம்பு விரலால் தலை தட்டிவிட்டு மரக்காலைக் கவிழ்த்தாள்.

“இவ்வளவுதானா? மீதி எங்க?” என்றாள் மங்களம் அம்மா.

“நீங்க குடுத்தது ஒரு மரக்காதான? ஐயாவே சொன்னாங்களே.”

“இதுவும் குறையுதே. சரியா அளந்தியா?”

அதைக் கேட்டதும் வேம்பு சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கொண்டையை அவிழ்த்து, முடிக்குள் விரலை விட்டுக் கோதி, ஒரு பிடி எடுத்தாள்.

“எங்களுக்கு அளந்தப்ப, குறையுதுன்னு சொல்ல வாய் இல்ல. நீங்க கேட்டுட்டீங்க. இந்தாங்க.”

பிடித் தவிட்டைத் துண்டில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். அதோடு சரி, அவள் தலையிலிருந்தோ கீழத்தெருவில் யார் தலையிலிருந்தோ அதற்கப்புறம் ஒரு தூசுகூட உதிரவில்லை. எவர்சில்வர் குடத்தை அந்த வருஷம் யாருக்கும் கொடுக்க மறந்துவிட்டார்கள். வேம்பு மாடு பழையபடி இளைத்தது, அவள் பால் என் பால் அளவுக்கு இறங்கியது, வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறாள். எனக்கு ஆறவில்லை. ஊரே பார்க்க ஒரு பிடி அள்ளி அந்தத் துண்டில் போட எங்கள் வம்சத்துக்கு ஒரு கடன் இல்லாமல் போய்விட்டதே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது.